மணமுறிவுச் சட்டமும் இருபாலர் சமநீதியும்: ஜொகூர் தமிழர் வாழ்வியலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

திருமண வாழ்வு முறியும் வேளையில் கணவனும் மனைவியும் நீதிமன்றத்தின்முன் சமமாக நிற்கின்றனரா என்பது நம் சமூக அரங்குகளில் அடிக்கடி எழுப்பப்படும் வினாவாகும். சட்டம் பெண்களுக்கே சாதகமாக எழுதப்பட்டுள்ளது என்பர் ஒரு சாரார். எழுத்தில் உள்ள உரிமை பெண்களின் கைக்கு வந்து சேர்வதேயில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுகளிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. ஆயினும், இரு சாராரும் சட்டத்தின் எப்பிரிவைப் பற்றிப் பேசுகின்றனர் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் வாதிடுவதால் விவாதம் பெரும்பாலும் முடிவின்றி நின்றுவிடுகிறது.

சட்டத்தில் சமநீதி இருவகையாக அமையும். ஒன்று, சொல்லளவில் அமையும் சமன். அஃதாவது, கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே விதி. மற்றொன்று, பயனளவில் அமையும் சமன். அஃதாவது, விதியைச் செயற்படுத்திய பின் இருவரும் நியாயமான நிலையில் விடப்படுதல். முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமற் போகலாம் என்பதற்கும், முதலாவது இல்லாதவிடத்தும் இரண்டாவதற்குச் சட்டம் முயலலாம் என்பதற்கும் மலேசிய மணமுறிவுச் சட்டத்திலேயே சான்றுகள் உள்ளன. அவற்றை ஜொகூர் மாநிலத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்வியற் சூழலோடு இயைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முஸ்லிம் அல்லாதாருக்குரிய சட்டமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. முஸ்லிம்களுக்குரிய குடும்பச் சட்டம் மாநிலச் சட்டமாதலின் அது தனியே ஆராயத்தக்கது.

1. ஒருதார மணமும் ஒரே சட்டமும்

இந்நாட்டில் இந்துக்களின் மரபுவழித் திருமணங்கள் நீண்ட காலம் சமய வழக்காறுகளாலேயே ஆளப்பட்டு வந்தன. வழக்காற்றின்படி ஆடவன் ஒருவன் முதல் மனைவி இருக்கும்போதே மற்றொருத்தியை மணக்க முடிந்தது. ஆனால், கைவிடப்பட்ட மனைவி அத்திருமணத்திலிருந்து சட்டப்படி விடுபடுவதற்கு வழியில்லை. 1952ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம் ஒருதார மணங்களை மட்டுமே கருத்திற் கொண்டது. பலதார மணத்திற்கு இடந்தந்த மரபுத் திருமணம் அதன் வரம்பிற்குள் வரவில்லை. தமிழகத்துச் சில சமூகங்களில் 'அறுத்துக் கட்டுதல்' எனப்படும் வழக்கம் இருந்தது. ஊர்ப் பெரியோர் முன்னிலையில் பழைய உறவைத் தீர்த்துக்கொண்டு புதிய மணம் புரிந்துகொள்வது அதன் முறை. தோட்டங்களில் கோயிற் பெரியோரும் தலைவர்களும் குடும்ப வழக்குகளைப் பேசித் தீர்த்ததும் இம்மரபின் தொடர்ச்சியே எனலாம். ஆயினும் அத்தீர்வுக்குச் சட்டத்தின் முத்திரை இல்லை.

இந்நிலையை மாற்றும் பொருட்டு 1970இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளின் வழி உருவானதே 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டமாகும். இச்சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் ஒருதார மணமாகவே அமைய வேண்டும். மணவாழ்வு நிலைத்திருக்கும்போது மறுமணம் புரிவது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 494ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். இருவரில் ஒருவரின் மரணத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ அன்றித் திருமணம் முடிவுறாது என 8ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, பெரியோர் முன்னிலையில் எழுதிக்கொள்ளும் பிரிவுப் பத்திரம் மணவிலக்கு ஆகாது.

மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. திருமணம் சீர்செய்ய இயலாதவாறு முறிந்துவிட்டது என்பதே 53ஆம் பிரிவின்படி ஒரே அடிப்படைக் காரணமாகும். பிறருடன் கொண்ட தகாத உறவு, இணைந்து வாழ இயலாதவாறு அமைந்த நடத்தை, இரண்டாண்டுகள் கைவிட்டிருத்தல், இரண்டாண்டுகள் பிரிந்து வாழ்தல் ஆகியவற்றை 54ஆம் பிரிவு அம்முறிவுக்குரிய சூழல்களாகச் சுட்டுகிறது. இருவரும் மனமொத்துப் பிரிய 52ஆம் பிரிவு வழி தருகிறது. இவ்வளவில் சொல்லளவிலான சமன் நிறைவாக உள்ளது. சிக்கல் தொடங்குவது பிரிவுக்குப் பின் எழும் சொத்து, பராமரிப்பு, குழந்தை ஆகியவை பற்றிய விதிகளில்தான்.

2. சொத்துப் பங்கீடு: சொல் சமன், பயன் சமனின்மை

76ஆம் பிரிவு மணவாழ்வின்போது ஈட்டிய சொத்தைப் பங்கிடுவது பற்றியது. இயற்றப்பட்ட காலத்தில் இப்பிரிவு சொத்தை இருவகைப்படுத்தியது. இருவரின் கூட்டு முயற்சியால் ஈட்டப்பட்டதாயின் நீதிமன்றம் சமபங்கை நோக்கிச் சாய வேண்டும். ஒருவரின் தனி முயற்சியால் ஈட்டப்பட்டதாயின், மற்றவர் வீட்டைப் பேணிக் குடும்ப நலனுக்கு ஆற்றிய பங்கை நீதிமன்றம் கருதலாம். ஆனால், ஈட்டியவருக்கே பெரும்பங்கு சேர வேண்டும். இவ்விதியில் 'கணவன்' என்ற சொல்லோ 'மனைவி' என்ற சொல்லோ இல்லை. 'ஈட்டியவர்', 'மற்றவர்' என்றே கூறப்பட்டது. ஆகவே அது சொற்களில் முற்றிலும் நடுநிலையானது.

ஆயினும் அதன் பயன் எவ்வாறு அமைந்தது? கூலாய் வட்டாரத்தில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எண்ணிப் பார்ப்போம். கணவர் தொழிற்சாலைக்குச் செல்கிறார். வீட்டுக் கடனை அவருடைய சம்பளம் அடைக்கிறது. வீடு அவர் பெயரில் உள்ளது. மனைவி இருபது ஆண்டுகள் மூன்று குழந்தைகளையும் நோயுற்ற மாமியாரையும் பேணுகிறார். மனைவி வேலைக்குச் செல்லாததால்தான் பிள்ளைகளைப் பராமரிக்கும் செலவு மிஞ்சுகிறது. கணவர் கூடுதல் நேரம் உழைக்கவும் முடிகிறது. பழைய விதியின்படி அவ்வீடு 'தனி முயற்சியால்' ஈட்டப்பட்டதாகக் கொள்ளப்படின், இருபதாண்டு இல்லறத்திற்குப் பின்னும் அப்பெண்மணி பாதிப் பங்கை எட்ட இயலாது. வீட்டுப் பணியை மேற்கொள்வோர் பெரும்பாலும் பெண்களாகவே இருந்தமையால், நடுநிலையான சொற்கள் ஒரு பாலார் மீதே சுமையாக இறங்கின.

2017இல் நிறைவேற்றப்பட்டு 2018 டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் இவ்விரு வகைப்பாட்டை நீக்கியது. கூட்டு முயற்சி, தனி முயற்சி என்னும் பிரிவினை இப்போது இல்லை. பணம், சொத்து, உழைப்பு ஆகியவற்றால் ஆற்றிய பங்கு, வீட்டைப் பேணியும் குடும்பத்தாரைக் கவனித்தும் ஆற்றிய பங்கு, இருவர் நலனுக்காகவும் பட்ட கடன், வயது வராத பிள்ளைகளின் தேவை, மணவாழ்வின் கால அளவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே கருதி, சமபங்கை நோக்கியே நீதிமன்றம் சாய வேண்டும். இத்திருத்தம் பெண்களுக்கு மட்டுமே நன்மை தருவது எனக் கொள்வது பொருந்தாது. மனைவி ஈட்ட, கணவன் இல்லத்தைப் பேணும் குடும்பத்திலும் இதே விதி அக்கணவனுக்குத் துணைநிற்கும். சுமையை யார் சுமந்தார் என்று சட்டம் பார்க்கத் தொடங்கியதால் பால் வேறுபாடு தானாகவே பின்னுக்குச் சென்றது.

மணவாழ்வில் சேர்ந்த பொருள் இருவருக்கும் உரியது என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. மலாய்க்காரரிடையே 'ஹர்த்தா செபென்சாரியான்' என்னும் வழக்கு உண்டு. யாழ்ப்பாணத் தேசவழமையில் 'தேடியதேட்டம்' என்னும் சொல்லாட்சி மணவாழ்வுக் காலத்தில் ஈட்டிய பொருளைச் சீதனத்தினின்றும் முதுசத்தினின்றும் வேறுபடுத்திக் காட்டுகிறது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டம் இக்கருத்துக்கு எழுத்து வடிவம் தந்தது. அதே சட்டம், மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் ஒப்புதல் வேண்டும் என்றும் விதித்தது என்பதை மறத்தலாகாது. உடைமையில் பங்கு உண்டு, ஆளுகையில் இல்லை என்னும் அம்முரண், மரபு தந்தது எது, மறுத்தது எது என்பதை ஒருங்கே காட்டுகிறது.

3. பராமரிப்புத் தொகை: சொல்லிலேயே வேறுபாடு

சொத்துப் பங்கீட்டு விதியினின்றும் மாறுபட்டு, 77ஆம் பிரிவு கணவனையும் மனைவியையும் வெளிப்படையாகவே வேறுபடுத்துகிறது. மனைவிக்கோ முன்னாள் மனைவிக்கோ பராமரிப்புத் தொகை வழங்குமாறு ஆடவனுக்கு நீதிமன்றம் ஆணையிடலாம். ஆனால், கணவனுக்கு வழங்குமாறு பெண்ணுக்கு ஆணையிட வேண்டுமாயின், அக்கணவன் உடல் அல்லது உளக் குறைவாலோ நோயாலோ பொருளீட்ட இயலாதவனாக இருத்தல் வேண்டும். மனைவியின் வசதியும் அதற்கு இடந்தர வேண்டும். அஃதாவது, மனைவியின் உரிமை பொதுவிதி. கணவனின் உரிமை விதிவிலக்கு.

ஆடவருக்கு அநீதி என்னும் குற்றச்சாட்டு பெரும்பாலும் இப்பிரிவைச் சுட்டியே எழுகிறது. அதனை இரு கோணங்களில் ஆராய வேண்டும். முதலாவதாக, இப்பிரிவு வெறும் சலுகையன்று. குடும்பத்திற்காகத் தன் ஊதியத்தையும் தொழில் வளர்ச்சியையும் கைவிட்ட பெண், நாற்பது வயதுக்கு மேல் தொழிற்சந்தைக்குத் திரும்பும்போது அடையும் இழப்புக்கு இஃது ஈடாக அமைகிறது. மேலும், மனைவி கேட்ட தொகையை நீதிமன்றம் அப்படியே தருவதில்லை. 78ஆம் பிரிவின்படி இருவரின் வசதியும் தேவையும் அளவிடப்படுகின்றன. மணமுறிவுக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு பொறுப்பாவர் என்பதும் கருதப்படுகிறது. தக்க வருவாயுள்ள மனைவிக்குப் பெயரளவுத் தொகையே கிடைக்கவோ, எதுவும் கிடைக்காமற் போகவோ இடமுண்டு. மறுமணத்தோடு இவ்வுரிமை முடிவுறுகிறது. ஆகவே, சட்டம் ஆடவனை வாழ்நாள் முழுதும் கடனாளியாக்குகிறது என்னும் கூற்று மிகையானது.

இரண்டாவதாக, இக்குறையை மறைக்கவும் இயலாது. மனைவி சிங்கப்பூர் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிய, சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தையைப் பேணுவதற்காகக் கணவன் வேலையை விட்டு வீட்டில் இருக்கும் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அவன் நோயாளி அல்லன். ஆகவே 77ஆம் பிரிவில் அவனுக்கு இடமில்லை. இதே செயலை ஒரு பெண் செய்திருப்பின் அவளுக்கு இடமுண்டு. இங்குச் சட்டம் ஆற்றிய தொண்டைப் பார்க்கவில்லை. ஆற்றியவரின் பாலையே பார்க்கிறது. இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. பெண் இயல்பிலேயே பிறரைச் சார்ந்து வாழ்பவள் என்னும் எண்ணமும் இப்பிரிவினுள் உறைந்துள்ளது. ஆடவனுக்கு வழியை அடைக்கும் அதே சொற்றொடர்தான் பெண்ணைச் சார்பு நிலையில் வைத்துப் பார்க்கிறது.

அண்டை நாடுகளின் போக்கும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சிங்கப்பூரின் மகளிர் சாசனம் 1961இல் இயற்றப்பட்டபோது பராமரிப்பு கோரும் உரிமையை மனைவிக்கே தந்தது. உழைக்க இயலாத கணவனும் கோரலாம் என்னும் திருத்தம் 2016இல்தான் வந்தது. அவ்வகையில் மலேசியச் சட்டம் தொடக்கத்திலேயே ஒரு படி முன்னே நின்றது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமோ 24, 25ஆம் பிரிவுகளில் கணவன், மனைவி இருவரில் எவரும் பராமரிப்பு கோரலாம் எனக் கூறுகிறது. வசதியும் தேவையுமே அங்கு அளவுகோல்கள். மலேசியாவிலும் 77ஆம் பிரிவு அவ்வாறு பொதுமையாக்கப்படின் மனைவியர் இழப்பது எதுவுமில்லை. ஏனெனில் 78ஆம் பிரிவின் அளவுகோல்கள் அப்படியே நிலைக்கும். ஆயினும் நடுநிலைச் சொல் மட்டும் போதாது என்பதைப் பழைய 76ஆம் பிரிவு நமக்குக் கற்பித்துள்ளது. இல்லப் பணிக்காகக் கைவிடப்பட்ட வருவாய் என்பதனைக் கருத வேண்டிய காரணிகளுள் ஒன்றாக வெளிப்படையாகக் குறிப்பிடுதலும் உடன் வேண்டும்.

4. குழந்தை யாரிடம்?

பிள்ளைகளைப் பொறுத்தவரை 88ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாய அளவுகோலாகக் கொள்கிறது. பெற்றோரின் விருப்பமும், தன் கருத்தைக் கூறும் பருவமுற்ற பிள்ளையின் விருப்பமும் அதற்கு அடுத்த நிலையில் வைக்கப்படுகின்றன. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே அதற்கு நன்று என்னும் ஊகம் இப்பிரிவில் உண்டு. இஃது எதிர்ச்சான்றால் மறுக்கத்தக்க ஊகமே. அத்துடன், குழந்தை பழகிய சூழலைக் கலைப்பது விரும்பத்தக்கதன்று என்பதையும் நீதிமன்றம் கருத வேண்டும்.

தந்தையர் சிலர் இதனைப் பாரபட்சமாகக் கருதுகின்றனர். ஆனால், காப்பாளர் உரிமையின் வரலாற்றை நோக்கின் பாரபட்சம் நெடுங்காலம் எதிர்த்திசையில் இருந்தமை புலப்படும். 1961ஆம் ஆண்டின் குழந்தைக் காப்பாளர் சட்டம் தந்தையையே இயல்பான காப்பாளராகக் கொண்டிருந்தது. தாய்க்கும் சமவுரிமை தரும் திருத்தம் 1999இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், குழந்தையை நாள்தோறும் வளர்த்த தாய்க்கு அதன் சார்பில் முடிவெடுக்கும் உரிமை சட்டத்தில் உறுதியாக இல்லை.

ஏழு வயது என்பது ஆசிரியர்களுக்கு நன்கு தெரிந்த எல்லைக்கோடு. மலேசியக் குழந்தை முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வயது அது. தாயிடம் இருப்பதே நன்று என்னும் ஊகம் நீங்கும் அதே காலத்தில் குழந்தை பள்ளிக்கு வருகிறது. ஆகவே, வளர்ப்புரிமைப் போராட்டத்தின் சுமை வகுப்பறைக்குள் புலப்படுவது வியப்பன்று. பெற்றோரில் யார் பாலால் தகுதியுடையவர் என்பதைவிட, இதுவரை குழந்தையை உண்பித்து, உறங்கவைத்து, மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் யார் என்னும் வினாவே அதன் நலனுக்கு நெருக்கமானது. குழந்தையைப் பராமரிக்கும் கடமையில் சட்டம் இருவரையும் பிணைத்துள்ளது. எவரிடம் குழந்தை இருப்பினும் 92ஆம் பிரிவின்படி மற்றவரும் பொறுப்பேற்க வேண்டும். வசதியுள்ள தாய்க்கும் 93ஆம் பிரிவின்கீழ் ஆணையிடலாம். 18 வயதோடு முடிந்த இப்பொறுப்பு, 2018 முதல், பிள்ளை உயர்கல்வியோ பயிற்சியோ பெறும் காலத்திற்கும் நீளக்கூடியதாயிற்று.

5. பாலத்தின் இருபுறமும்: நிலைவாழிடச் சிக்கல்

ஜொகூர் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான ஒரு வேறுபாடு 48, 49ஆம் பிரிவுகளில் உள்ளது. 48ஆம் பிரிவின்படி, மனு கொடுக்கும் வேளையில் கணவன் மனைவியரின் நிலைவாழிடம் மலேசியாவாக இருந்தால்தான் மலேசிய நீதிமன்றம் மணவிலக்கு வழங்கலாம். நிலைவாழிடம் என்பது வெறும் குடியிருப்பன்று. ஒருவர் தம் நிரந்தரத் தாயகமாகக் கருதி வாழும் நாடு. இங்குதான் ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் பழைய விதியொன்று குறுக்கிடுகிறது. மணமான பெண்ணுக்குத் தனியே நிலைவாழிடம் இல்லை. கணவனுடையதே அவளுடையது என்பது அவ்விதி. மலேசியத் தீர்ப்புகள் இதனைப் பின்பற்றி வந்துள்ளன.

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் போன்ற இடங்களிலிருந்து நாள்தோறும் பாலங்கடந்து சிங்கப்பூரில் பணிபுரிவோர் பலர். வேலைக்குச் சென்று திரும்புவதால் மட்டும் நிலைவாழிடம் மாறுவதில்லை. ஆனால், கணவர் சிங்கப்பூரையே தம் நிரந்தரத் தாயகமாக ஏற்று அங்குத் தங்கிவிட்டால், ஜொகூரை விட்டு ஒருநாளும் பெயராத மனைவியின் நிலைவாழிடமும் அவருடன் பாலங்கடந்து சென்றுவிடுகிறது! இதனால் விளையும் இன்னலைத் தணிக்கவே 49ஆம் பிரிவு மனைவிக்கு ஒரு பக்கவாயிலைத் திறந்துள்ளது. மலேசியாவில் நிலைவாழிடம் கொண்டிருந்த கணவனால் கைவிடப்பட்டவரும், மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுகள் மலேசியாவில் தொடர்ந்து வழக்கமாக வசித்து வருபவரும் மனு கொடுக்கலாம். இவ்வாயில் கணவனுக்கு இல்லை.

மேலோட்டமாக நோக்கின் 49ஆம் பிரிவு பெண்ணுக்குத் தரப்பட்ட தனிச் சலுகையாகத் தோன்றும். உண்மையில் அது, பெண்ணிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட ஓர் உரிமைக்கான ஈடேயாகும். இங்கிலாந்து இவ்விதியை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவிட்டது. சிங்கப்பூர் மகளிர் சாசனமும் மனைவியின் நிலைவாழிடத்தைத் தனியே கணிக்கிறது. மனைவிக்கும் தனி நிலைவாழிடம் உண்டு என மலேசியாவும் ஏற்று, வசிப்பிட அடிப்படையை இருவருக்கும் பொதுவாக்கினால், 49ஆம் பிரிவின் வேறுபாட்டுக்கே தேவை இராது. 2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதியில், பாகுபாடு காட்டலாகாத காரணங்களுள் 'பால்' என்பதும் சேர்க்கப்பட்டமை இத்திருத்தத்திற்கு வலுவூட்டுவதாகும்.

6. மதமாற்றமும் மணமுறிவும்

கணவன் மனைவியரில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால் எழும் நிலையை 51ஆம் பிரிவு ஆள்கிறது. தொடக்கத்தில், மதம் மாறாதவர் மட்டுமே குடிமுறை நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோர முடிந்தது. மதம் மாறியவருக்கு அவ்வழி இல்லாமையால் வழக்குகள் இருவேறு நீதி அமைப்புகளிடையே சிக்குண்டன. இப்பிரிவிலும் 'கணவன்', 'மனைவி' என்னும் வேறுபாடு இல்லை. எனினும், பரவலாக அறியப்பட்ட வழக்குகளில் குழந்தையின் பொருட்டுப் போராடியவர்கள் தாய்மார்களாகவே இருந்தனர்.

2018 டிசம்பர் முதல் இருவரில் எவரும் குடிமுறை நீதிமன்றத்தை நாடலாம். மணவிலக்குக்கு முன்னர் மதம் மாறியவர் இறந்துவிட்டால் சொத்தில் பங்கு கோரும் வழியை 51ஏ பிரிவு தந்துள்ளது. பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றலாகாது எனக் கூறிய விதி 2016ஆம் ஆண்டு மசோதாவில் இடம்பெற்றுப் பின்னர்க் கைவிடப்பட்டது. எனினும், 2018 ஜனவரி 29இல் இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், பிள்ளைகளின் மதமாற்றத்திற்குப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் தேவை எனத் தீர்ப்பளித்தது. தாயும் தந்தையும் சமமான பெற்றோர் என்னும் கோட்பாட்டை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது எனலாம்.

7. சட்டம் எட்டாத இடங்கள்

மேற்கூறிய உரிமைகள் அனைத்தும் ஒருவர் நீதிமன்றத்தை அடைந்த பின்னரே பயன் தருவன. அங்குச் சென்றடைவதற்கு முன் நம் குடும்பங்கள் மூன்று தடைகளைச் சந்திக்கின்றன.

முதலாவது, பதிவின்மை. கோயிலில் தாலி கட்டிய பின்னர்த் தேசியப் பதிவுத் துறையில் பதிந்துகொள்ளாத திருமணங்கள் இன்றும் உள்ளன. பதியாமை ஒன்றாலேயே திருமணம் செல்லாததாகிவிடாது என 34ஆம் பிரிவிலிருந்து வாதிட இடமுண்டாயினும், நீதிமன்றத்தில் திருமணத்தை மெய்ப்பிக்கும் சுமை அதனைக் கோருபவர் தலையில் விழுகிறது. பராமரிப்போ பங்கோ கோருபவர் பெரும்பாலும் மனைவியாதலின், சான்றிதழ் இன்மையின் இழப்பும் பெரும்பாலும் அவருடையதே. பயனளவிலான சமனின்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது, சமரசக் கட்டம். ஒருவர் மட்டும் மணவிலக்குக் கோரும்போது, 106ஆம் பிரிவின்படி முதலில் திருமணச் சமரசக் குழுவை நாட வேண்டும். அங்கு வழக்கறிஞர் தோன்ற இயலாது. குழு ஆறு மாதங்களுக்குள் தீர்வு காண முயலும். இயலாவிடின் சான்றிதழ் வழங்கும். இணக்கம் காண்பது நன்றே. ஆயினும் வன்முறைக்கு ஆளானவர், தம்மைத் துன்புறுத்தியவரோடு ஒரே அறையில் துணையின்றி அமர நேர்வது சமன் ஆகாது. விலக்களிக்கத் தக்க தனிச்சூழல் உண்டெனக் கூறும் பகுதி அப்பிரிவிலேயே இருப்பதைப் பலர் அறிவதில்லை. இருவரும் ஒப்பி மனு கொடுப்பின் இக்கட்டம் தேவையில்லை என்பதும் அறியத்தக்கது.

மூன்றாவது, ஆணையை நிறைவேற்றுதல். தீர்ப்பில் எழுதப்பட்ட தொகை மாதந்தோறும் வந்து சேர்ந்தால்தான் அது பராமரிப்பு. செலுத்தாதவரின் ஊதியத்தினின்றும் பிடித்துத் தருமாறு ஆணை பெற 1968ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. செலுத்துபவரின் முதலாளி சிங்கப்பூரில் இருந்தாலோ, ஆணையை எல்லைக்கு அப்பால் பதிந்து நிறைவேற்றும் கூடுதல் நடைமுறை தேவைப்படுகிறது. மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட நிலுவையை வழக்கிட்டுப் பெற 86ஆம் பிரிவு இடந்தருவதில்லை. பொறுமையாகக் காத்திருப்பவரே இழக்கிறார்.

இவற்றோடு தூரத்தையும் சேர்த்தெண்ண வேண்டும். மணவிலக்கு மனுக்கள் உயர்நீதிமன்றத்திற்குரியவை. ஜொகூரில் ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் அந்நீதிமன்றம் அமர்கிறது. குளுவாங், லாபிஸ், ரெங்கம் வட்டாரங்களின் தோட்டப்புறத்தில் வாழும் ஒருவருக்கு ஒவ்வொரு தவணையும் ஒருநாள் கூலியின் இழப்பாகும்.

8. பழைய சித்திரமும் மெய்வாழ்வும்

இவ்வேறுபாடுகள் அனைத்துக்கும் அடியில் ஒரு குடும்பச் சித்திரம் உள்ளது. ஆடவன் ஈட்டுகிறான்; பெண் இல்லத்தில் இருக்கிறாள்; அவன் செல்லுமிடமே அவள் இடம் என்பதே அச்சித்திரம். மலாயாத் தமிழர் வாழ்வில் இச்சித்திரம் எக்காலத்தும் முழுமையாகப் பொருந்தியதில்லை. இரப்பர்த் தோட்டங்களில் பெண்கள் விடியற்காலையிலேயே பால்மரம் வெட்டச் சென்றனர். தனியே கூலி பெற்றனர். 1920களின் பிற்பகுதியில் எளிதிற் சென்றடையக்கூடிய மாவட்டங்களுக்கென நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உழைப்பில் சமமும் ஊதியத்தில் குறைவும் என்பதே அவர்களின் நிலை. தோட்டங்களை விட்டுப் பாசிர் கூடாங், செனாய் தொழிற்பேட்டைகளுக்குப் பெயர்ந்த குடும்பங்களிலும் இரு வருவாயே வழக்காயிற்று. ஆகவே, நம் பாட்டியர் 'சார்ந்து வாழ்ந்தவர்' அல்லர். ஈட்டியும் பேணியும் இரட்டைச் சுமை சுமந்தவர்கள். வீட்டில் பேணிய உழைப்பும் ஈட்டலுக்கு நிகரான பங்கே எனச் சட்டம் ஏற்றுக்கொள்ள 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. மணமுறிவுச் சட்டம் ஆண்களுக்கு எதிரானதா, பெண்களுக்கு எதிரானதா என்னும் வினா பிழையாக அமைந்த வினாவாகும். பால்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்ட விதி ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொள்கிறது. 77ஆம் பிரிவு பெண்ணுக்குப் பராமரிப்பைக் கொடுத்து அவளைச் சார்புடையவள் ஆக்குகிறது. 49ஆம் பிரிவு வாயிலைத் திறந்து, நிலைவாழிடம் இல்லாதவள் ஆக்குகிறது. அவ்விரண்டிலும் ஆடவனும் ஓரிடத்தில் வெளியே நிறுத்தப்படுகிறான். மாறாக, 76ஆம் பிரிவின் திருத்தம் சுமந்தவரை நோக்கியது. அதனால் இருபாலாருக்கும் பயன்பட்டது. எஞ்சிய பிரிவுகளும் அவ்வழியே செல்லுதல் தகும்.

சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் பணி. ஆயினும் அதனை எடுத்துரைப்பது கற்றோரின் பணி. குழந்தையின் முகவாட்டத்தைப் பெற்றோருக்கு அடுத்து முதலில் காண்பவர் தமிழாசிரியரே. திருமணத்தைப் பதிந்துகொள்ளுங்கள், பெரியோர் முன் எழுதிய பத்திரம் மணவிலக்கு ஆகாது, பராமரிப்பு நிலுவையை மூன்றாண்டுக்கு மேல் விட்டுவைக்காதீர்கள் என்னும் மூன்று செய்திகளைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துரைக்கச் சட்டப்புலமை தேவையில்லை. நல்ல தமிழில், தெளிவாகச் சொல்லும் திறன் போதும். அவ்வாறு சொல்லப்படும்போதுதான் ஏட்டில் உள்ள சமநீதி இல்லங்களைச் சென்றடையும்.